விதைநெல்லை விற்ற அணியும் விதைத்த அணியும்

2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸ் நகரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 152-79 என்ற கணக்கில் தோற்றது. வித்தியாசம் 73 புள்ளி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வியை எந்த அணியும் கண்டதில்லை. தண்டரின் முதன்மை ஆட்டக்காரர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அன்று ஆடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மெம்பிஸின் நட்சத்திரமான ஜா மொரான்ட்டும்தான் அன்று ஆடவில்லை.

அதே சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸ் 82 ஆட்டங்களில் 64-ஐ வென்றது. அந்த அணி தொடங்கிய நாளிலிருந்து அதுவே அதன் உச்சம். அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப்போட்டி வரை போய்விட்டு வந்த அணி அது. அன்றைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் எல்லோரும் ஃபீனிக்ஸைத்தான் காட்டியிருப்போம், நானும்தான்.

மூன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜூன் மாதம், தண்டர் கோப்பையைத் தூக்கியது. சன்ஸ் 36 வெற்றி, 46 தோல்வியோடு, கோப்பைக்கான இறுதிக்கட்டமான பிளேஆஃப் சுற்றுக்கே வராமல் வீட்டுக்குப் போனது. இடையில் இரு அணிகளும் எடுத்த முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொழில்முறைக் கூடைப்பந்தில் ஜெயிப்பதற்கு எந்த வழி என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னும் சில அணிகளைப் பார்க்க வேண்டும்.

வழிகளைப் பேசுவதற்கு முன், ஆட்டத்தில் வெற்றி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறத்தாழ நூறு நூறு வாய்ப்புகள் கிடைக்கின்றன. பந்து கை மாறி மாறி வருவதால் வாய்ப்புகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. அந்த நூறை யார் நன்றாகச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். டீன் ஆலிவர் என்ற புள்ளியியலாளர் இதை நான்கு காரணிகளாகப் பிரித்தார். எறிவது எந்த அளவுக்குக் கூடையில் விழுகிறது, பந்தை எத்தனை முறை பறிகொடுக்கிறோம், தவறிய எறிதல்களில் எத்தனையை ரீபவுண்டாக நாமே மீட்கிறோம், எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்களான ஃப்ரீ த்ரோக்களை எத்தனை சம்பாதிக்கிறோம். இந்த நான்குக்கும் முறையே 40, 25, 20, 15 சதவீத எடை கொடுத்தார். எதிரணிக்கும் இதே நான்கைக் கணக்கிட வேண்டும், அதுதான் தடுப்பாட்டம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கோடிகளைக் கொட்டும் உரிமையாளர்கள் எதை வாங்குகிறார்கள், எதை வாங்க மறக்கிறார்கள் என்பது தெரியும்.

நட்சத்திரங்களை வாங்குவது என்ற வழியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்தே பேர். கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ பதினொன்றில் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். இங்கே கேட்க முடியாது. ஒரே ஆள் நாற்பத்தெட்டு நிமிடங்களில் நாற்பது நிமிடம் ஆடி, பந்தில் மூன்றில் ஒரு பங்கைத் தானே கையாள முடியும். ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை.

2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் அணியை மேட் இஷ்பியா வாங்கினார். வாங்கிய கையோடு கெவின் டுரான்ட்டையும் வாங்கினார். அவர் ஆடிக்கொண்டிருந்த புரூக்ளின் அணிக்குக் கொடுத்த விலை: மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் என்ற இரண்டு உழைப்பாளிகள், ஜே கிரௌடர், 2023, 2025, 2027, 2029 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் நான்கு. அதோடு 2028-இல் டிராஃப்ட் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. டிராஃப்ட் என்பது கோடைதோறும் புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் முறை. அந்த உரிமைகள்தான் ஓர் அணியின் விதைநெல். சில மாதங்களில் பிராட்லி பீலும் வந்து சேர்ந்தார். அவரை அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற விதி அவரது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

2024-25 சீசனில் டுரான்ட், பீல், டெவின் புக்கர் மூவருடைய சம்பளம் மட்டும் ஏறக்குறைய 15 கோடி டாலர். ஓர் அணி முழுவதற்கும் லீக் வகுத்திருந்த சம்பள உச்சவரம்பு 14.06 கோடி. அந்த வரம்பு கடுமையானதல்ல, சொந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கத் தாண்டலாம், அபராத வரி கட்டலாம். ஆனால் லீக்குக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே 2023-இல் வந்த புதிய ஒப்பந்தம் மேலே இன்னொரு கோட்டைப் போட்டது. அதையும் தாண்டிய அணி, இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பண்டமாற்றாக வாங்க முடியாது. நடுத்தரச் சம்பளத்தில் வெளியாட்களை ஒப்பந்தம் செய்யவும் முடியாது. வெளியிலிருந்து புதிதாக ஒப்பந்தம் செய்பவர்களை அடிமட்டச் சம்பளத்தில்தான் பிடித்தாக வேண்டும். பந்தலுக்கும் மேளத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டுச் சமையலுக்கு ஆள் தேடிய கல்யாண வீடுதான் அது.

இன்னொரு கோளாறும் இருந்தது. பணத்தைவிடப் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். மூவரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். பந்தைக் கையில் வாங்கி, நடுத்தூரத்திலிருந்து எகிறி எறிந்து புள்ளி எடுப்பதில் மூவரும் கைதேர்ந்தவர்கள். ஆனால் பந்து ஒன்றுதான். ஆலிவரின் நான்கில் எறிதல் என்ற ஒரே காரணியை மூன்று முறை வாங்கியிருந்தார்கள். பந்தைப் பறிக்கவும், ரீபவுண்டுக்கு முட்டி மோதவும், எதிரணியின் வேகமான ஆளை நாற்பது நிமிடம் துரத்தவும் இருந்த ஆட்களைத்தான் விலையாகக் கொடுத்துவிட்டார்களே! 2024 பிளேஆஃபில் மினசோட்டாவிடம் தொடரை 4-0 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு பிளேஆஃபே இல்லை. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று பயிற்சியாளர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். கூட்டல் கணக்குத் தப்பானால் கணக்குப்பிள்ளையைத் துரத்துவது எங்கும் உள்ளதுதான்.

அப்படியானால் நட்சத்திரங்களை விலைக்கு வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. 2007 கோடையில் பாஸ்டன் செல்டிக்ஸ் இதைத்தான் செய்தது. 24 வெற்றி மட்டும் பெற்றிருந்த அணி, கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் வாங்கி, ஏற்கெனவே இருந்த பால் பியர்ஸோடு சேர்த்து, அடுத்த ஆண்டே 66 வெற்றியும் கோப்பையும் பெற்றது. வேறுபாடு எங்கே? கார்னெட் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். ஆலன் தூரத்திலிருந்து எறிபவர். பியர்ஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடுபவர். மூன்று வேலை, மூன்று ஆள். அதோடு ராஜான் ராண்டோ, கென்ட்ரிக் பெர்க்கின்ஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

(இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறு ஆண்டு கழித்து, வயதாகிவிட்ட அதே கார்னெட்டையும் பியர்ஸையும் பாஸ்டன் புரூக்ளினுக்கு விற்றது. பதிலுக்கு வாங்கிய டிராஃப்ட் உரிமைகளின் வழியாக ஜேலன் பிரௌனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024 கோப்பை அவர்கள் வென்றது. விற்கத் தெரிந்தவனுக்கு வாங்கத் தெரிந்தவனைவிட ஒரு கோப்பை கூடுதலாகக் கிடைத்தது.)

டொரான்டோவையும் சொல்ல வேண்டும். 2018-இல் கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஒரே ஆண்டு இருந்தார், 2019 கோப்பையை வென்று கொடுத்தார், போய்விட்டார். அது வாடகைக் கணக்கு. ஆனால் வீடு ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. கைல் லௌரி இருந்தார். 27-ஆவதாக எடுக்கப்பட்ட பாஸ்கல் சியாகம் இருந்தார். டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃப்ரெட் வான்வ்லீட் இருந்தார். வாசற்கதவை மட்டும் வெளியிலிருந்து வாங்கி மாட்டினார்கள். கதவை முதலில் வாங்கிவிட்டுச் சுவரைத் தேடவில்லை.

கவாய் போன இடத்திலிருந்துதான் தண்டரின் கதை தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு வருவதென்றால் கூடவே பால் ஜார்ஜும் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜார்ஜ் இருந்தது ஓக்லஹோமாவில். 2019 ஜூலையில் பொது மேலாளர் சாம் பிரஸ்டி ஜார்ஜைக் கொடுத்தார். அந்த ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தவர் ஜார்ஜ். பதிலுக்கு வந்தவை முதல் சுற்று உரிமைகள் ஐந்து, இடமாற்று உரிமைகள் இரண்டு, டனிலோ கலினாரி, அப்புறம் இருபத்தொரு வயதைத் தொடவிருந்த கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அவர்தான் 2025-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர், சீசனின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்று 2022-இல் 12-ஆவது இடமாக வந்து ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. கோப்பை வென்ற ஆண்டில் வில்லியம்ஸின் சம்பளம் ஐம்பது லட்சம் டாலருக்கும் குறைவு. பீல் வாங்கியதில் பத்தில் ஒரு பங்கு.

எனக்கு இதில் படுவது இதுதான்: நட்சத்திரம் இல்லாமல் பெரும்பாலும் கோப்பை இல்லை. ஆனால் ஆட்டங்களை ஜெயிப்பது நட்சத்திரத்துக்குக் கொடுத்த விலை போக மிச்சமிருப்பதை வைத்துத்தான்.

பொறுமைதான் தண்டரின் ரகசியம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுமைக்குப் பரிசு கொடுப்பதானால் முதலில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2013 முதல் மூன்று சீசன்களில் அந்த அணியின் வெற்றிகள் 19, 18, 10. மொத்தம் 246 ஆட்டங்களில் 47. வேண்டுமென்றே அடிமட்டத்தில் கிடந்தார்கள்; அடிமட்ட அணிகளுக்கு டிராஃப்ட் வரிசைக் குலுக்கலில் நல்ல இடம் கிடைக்கும் என்பதால். சாம் ஹிங்கி என்ற மேலாளரின் திட்டம் அது. இடங்களும் கிடைத்தன: ஜோயல் எம்பீட் மூன்றாவது, பென் சிம்மன்ஸ் முதலாவது, மார்கெல் ஃபுல்ட்ஸ் முதலாவது. எம்பீட் 2023-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். ஆனாலும் எம்பீட் காலத்தில், 2025 வரை, பிளேஆஃபின் இரண்டாம் சுற்றை அந்த அணி தாண்டவில்லை. 2019-இல் டொரான்டோவுக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்ததை எப்படி மறப்பது? துரதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு பந்தின்மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிட முடியாது. அந்த ஆண்டிலிருந்து குலுக்கல் விதியும் மாறிவிட்டது. கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு சமமாக 14 சதவீதம் ஆனது. தோற்பதற்கான கூலியைக் குறைத்துவிட்டார்கள்.

ஃபிலடெல்ஃபியா நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தது. ஓக்லஹோமா களை எடுத்தது. 2024 கோடையில் பிரஸ்டி செய்த காரியத்தைப் பாருங்கள். 2021-இல் ஆறாவதாக எடுத்த ஜாஷ் கிடியை, பந்தைக் கையாள்வதில் திறமைசாலியான இருபத்தோரு வயது இளைஞரை, சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு முப்பதை எட்டிய அலெக்ஸ் கரூசோவை வாங்கினார். கரூசோ டிராஃப்டில் எடுக்கப்படாதவர். ஒரு காலத்தில் தண்டரின் சொந்த இரண்டாம் நிலை அணியிலேயே ஆடி, மேலே வர இடம் கிடைக்காமல் போனவர். புள்ளிப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கீழேதான் இருக்கும்.

அவரை எதற்காக வாங்கினார்கள் என்பதை 2025 மே 18 அன்று டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் பார்க்க முடிந்தது. டென்வரின் நிகோலா யோகிச் 6 அடி 11 அங்குலம், தோளும் இடுப்புமாக ஒரு மலை. பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் அவரே எறிவார், அல்லது யார் தனியாக நிற்கிறார்களோ அவருக்கு முதுகுப்புறமாகக்கூடக் கொடுப்பார். அவரைத் தடுக்க 6 அடி 5 அங்குல கரூசோவை நிறுத்தினார் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட். கரூசோ யோகிச்சின் பின்னால் நிற்கவில்லை. முன்னால் போய் நின்றார். பந்து வரும் பாதையில் கை நீட்டிக்கொண்டு, தொடையில் தொடை அழுத்த, முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, உள்ளே வரும் பந்துகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் பின்னால் உயரமான ஒருவர் காத்திருந்தார். யோகிச் பந்தை வாங்குவதற்குப் பட்ட பாட்டில் எறிவதற்கு நேரம் மிஞ்சவில்லை. ஆட்டம் 125-93 என்று முடிந்தது.

அந்தப் பத்து நொடி இழுபறிக்குப் புள்ளிவிவரத்தில் பெயர் இல்லை. ஆனால் ஆலிவரின் இரண்டாவது காரணி அதுதான். எதிரணியின் கையிலிருந்து மிக அதிகமாகப் பந்தைப் பறித்த அணி அந்த சீசனில் தண்டர்தான். தான் பறிகொடுத்ததோ மிகக் குறைவு. 68 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசம், லீக் வரலாற்றிலேயே அதிகம். எறிதல் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. பந்தைப் பறிக்கும் கை அப்படி அடிக்கடி தூங்குவதில்லை.

எறிதலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் ராக்கெட்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. டேரில் மோரி என்ற மேலாளரின் கணக்கு எளிமையானது: தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி, உள்ளிருந்து எறிந்தால் இரண்டு; மூன்று இரண்டைவிட அதிகம், ஆகவே கோட்டுக்கு வெளியிலிருந்து எறி, அல்லது கூடைக்கு அடியில் போ, நடுவில் நிற்காதே. 2017-18-இல் இரண்டு புள்ளி எறிதல்களைவிட மூன்று புள்ளி எறிதல்களை அதிகம் எறிந்த முதல் என்.பி.ஏ. அணி அது. 65 வெற்றியும் பெற்றது. கணக்கில் பிழையில்லை, இன்று லீக் முழுவதும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஆனால் 2018 பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் இடைவேளையின்போது 11 புள்ளி முன்னிலையில் இருந்தும், அந்த ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி எறிதல்களைத் தவறவிட்டார்கள். மொத்தம் 44-இல் ஏழுதான் விழுந்தன. கிறிஸ் பால் காயம்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தார் என்பது உண்மை. ஆனாலும் 92-101 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த 27-இல் மூன்று நான்கு விழுந்திருந்தாலே கதை வேறு. சராசரி ஆண்டு முழுவதும் சோறு போடும். ஏழாவது ஆட்டத்தில் கைகொடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நட்சத்திரமே வேண்டாம் என்ற வழியை விரும்புகிறவர்கள் 2004 டெட்ராய்ட் பிஸ்டன்ஸைக் காட்டுவார்கள். எனக்கும் பிடித்த அணி. ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய பெயர்களோடு வந்த லேக்கர்ஸை 4-1 என்று சாய்த்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது 68 புள்ளி. பென் வாலஸ், டிராஃப்டில் எடுக்கப்படாதவர், நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர். நட்சத்திரமே இல்லை என்பதுகூடச் சரியல்ல. அவர்களின் நட்சத்திரம் புள்ளி எடுக்காதவர், அவ்வளவுதான். ஆனால் அடுத்த சீசனிலிருந்தே, பந்தோடு ஓடிவருபவரைக் கையால் தள்ளித் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். ஆட்டம் திறந்துகொண்டது. தடுப்பாட்டத்தை மட்டும் வைத்து இன்று கோப்பை வாங்க நினைப்பது, டெட்ராய்ட் கதையைப் பாதியில் மூடிவைத்ததால் வரும் ஆசை.

சரி, என் கையில் ஓர் அணியைக் கொடுத்தால்? அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஐம்பது வெற்றி பெறுகிற, தடுப்பாட்டம் ஊறிப்போன அணி என்றால் டொரான்டோவைப்போல ஒரே ஒருவரை வாங்குவேன்; இருப்பவர் செய்யாத வேலையைச் செய்பவராக. ஒன்றுமே இல்லாத அணி என்றால் ஓக்லஹோமாவின் வழி. என்னிடம் இருக்கும் முப்பது வயதுக்காரரை, அவருக்கு விலை இருக்கும்போதே விற்றுவிடுவேன். ரசிகர்கள் திட்டுவார்கள். 73 புள்ளியில் தோற்கும் இரவும் வரும். அந்த இரவுகளில் அணிப் பட்டியலின் கடைசி இடங்களுக்கு யாரைப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். 2022 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா வேண்டாமென்று விட்ட ஐசயா ஜோ என்ற எறிகாரரைத் தண்டர் எடுத்துக்கொண்டது. கோப்பை வென்றபோது அவர் அணியில் இருந்தார்.

பாதி வழியில் நிற்கும் அணி, நாற்பது வெற்றி பெறுகிற அணி என்றால் எனக்கும் கை நடுங்கும். அங்கேதான் மூன்று நட்சத்திரங்களின் ஆசை கண்ணைக் கட்டுகிறது.

ஃபீனிக்ஸ் கதையின் கடைசிக் கணக்கு 2025 கோடையில் முடிந்தது. டுரான்ட்டை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். பீலுக்கு ஒப்பந்தப் பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். டுரான்ட்டுக்குப் பதிலாக வந்தவற்றில் அந்த ஆண்டு டிராஃப்டின் பத்தாவது இடமும் ஒன்று. அது ஃபீனிக்ஸின் சொந்த இடம். 2023-இல் டுரான்ட்டை வாங்குவதற்காகப் புரூக்ளினுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஹூஸ்டன் கைக்குப் போன அதே 2025-ஆம் ஆண்டு உரிமை.